விளக்கு வைக்கும் நேரத்துச் செய்தி

ஒரு செய்தி நிகழ்ச்சிக்குப் பெயர் வைக்க ஐந்து மாதம் ஆகும் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது. பிறந்த குழந்தைக்கே முப்பதாம் நாள் பெயர் வைத்துத் தொட்டிலில் போட்டுவிடுகிறோம். இது அரை மணி நேர நிகழ்ச்சி. அதுவும் பிறக்காத நிகழ்ச்சி.

நான் மதுரையில் ஓர் உள்ளூர்த் தொலைக்காட்சியில் செய்தி ஆசிரியராக இருந்தேன். ஆசிரியர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நான், இரண்டு நிருபர்கள், ஒரு கேமராக்காரர், அவ்வளவுதான் செய்திப் பிரிவு. மற்றபடி நாள் முழுக்கச் சினிமாப் பாட்டு, கும்பாபிஷேகம், நகைக்கடைத் திறப்பு விழா. காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம் எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அதிலும் ஒன்றரை நிமிடம் விளம்பரம் போய்விடும்.

முதலாளிக்கு மூன்று கல்யாண மண்டபங்கள் இருந்தன. தொலைக்காட்சி அவருக்கு நாலாவது மண்டபம் மாதிரி. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, தென் மாவட்டங்களுக்கென்றே தினமும் மாலை ஆறரைக்கு அரை மணி நேரச் செய்தி நிகழ்ச்சி ஆரம்பிக்கப் போவதாகவும், அதற்கு நான்தான் பொறுப்பு என்றும் சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தி ஜிகர்தண்டா வாங்கிக் குடித்தேன். அந்த அளவுக்கு முட்டாளாக இருந்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் ஐந்து பேர் சேர்ந்து உட்கார இடம் கிடையாது. அதனால் ஆலோசனைக் கூட்டம் வாராவாரம் முதலாளியின் மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், பந்தி மேஜையில் நடந்தது. வரிசையாக ஒரே பக்கமாக உட்கார்ந்து பேசுவோம். முதலாளி, அவருடைய மச்சான், ஜோசியர், சென்னையிலிருந்து வந்த பிராண்டிங் ஆலோசகர், கடைசியில் நான். மச்சான்தான் விளம்பரங்களைப் பார்த்துக்கொள்பவர். ஜோசியர் எதற்கு என்று நான் கேட்கவில்லை. முதலாளி மண்டபத்துக்கு மோட்டார் வாங்கினாலும் அவரைக் கேட்டுத்தான் வாங்குவார்.

முதல் கூட்டத்தில், எந்தெந்த ஊருக்கு நிருபர் வேண்டும், எத்தனை கேமரா வேண்டும் என்று எழுதிக்கொண்டு போயிருந்தேன். அந்தத் தாளை வாங்கி முதலாளி அதன்மேல் காப்பித் தம்ளரை வைத்தார். "அதெல்லாம் அப்பறம். மொத பேரு" என்றார்.

ஆலோசகர் மடிக்கணினியைத் திறந்து, மதுரை என்றால் மக்கள் மனதில் என்ன இருக்கிறது என்று காட்டினார். காளை இருந்தது, அரிவாள் இருந்தது, மல்லிகைப்பூ இருந்தது, மீசை இருந்தது. அவர் மதுரைக்கு வருவது அதுதான் இரண்டாம் முறை. முதல் முறை வந்ததும் ஒரு கல்யாணத்துக்குத்தான். இருந்தாலும் எங்கள் மனதில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு வாய் கூசாமல் சொல்ல வந்தது.

வைகை என்று ஆரம்பித்தோம். தண்ணி இல்லாத ஆற்றின் பேரா என்றார் மச்சான். கோபுரம் என்றால் தேனிக்காரன், விருதுநகர்க்காரன் எல்லாம் கோபித்துக்கொள்வான் என்றார் முதலாளி. தெற்குவாசல் என்று நான் சொன்னேன். தென் மாவட்டங்களுக்கு வாசல் மதுரை என்று விளக்கம் வேறு கொடுத்தேன். "தெக்குவாசல்னா ஜனத்துக்கு டிராபிக்ஜாம்தான் ஞாபகம் வரும்" என்றார் மச்சான். அவர் சொன்னதில் அந்த ஒன்று மட்டும் நியாயம். மல்லி என்று ஒரு வாரம் ஓடியது. அது தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் மாதிரி இருக்கிறது என்று ஜோசியரே சொல்லிவிட்டார். ஒவ்வொரு வாரமும் வடையும் பொங்கலும் தீரும் வரை பேசிவிட்டு எழுந்துபோவோம்.

அந்த ஆனி மாதத்தில்தான் டீச்சர் என்னைப் பார்க்க வந்தார். திருமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாற்பது வயதிருக்கும். சொந்த ஊர் எழுமலைப் பக்கம் ஒரு சிற்றூர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்து அவரையும் அவர் அண்ணனையும் வளர்த்தவர்கள். அவர்கள் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போக ஒரு வண்டிப்பாதை இருந்திருக்கிறது. பக்கத்து நிலத்துக்காரர் வருஷத்துக்கு ஒரு சாலாக உழுது உழுது அதைத் தன் வயலோடு சேர்த்துக்கொண்டுவிட்டார். அன்றிலிருந்து பிணத்தை ஓடைக்குள் இறங்கித்தான் தூக்கிப்போக வேண்டும். கோடையில் முள்ளும் மணலும். மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர்.

"மனு குடுக்காத இடம் இல்லை சார்" என்று ஒரு தடித்த ஃபைலை மேஜைமேல் வைத்தார். "அப்பாவுக்கு டாக்டர் நாள் குறிச்சிட்டாங்க. சிறுநீரகம் ரெண்டும் போச்சு. அப்பா ஒண்ணுதான் கேக்குறாரு. ரோட்டுல தூக்கிட்டுப் போவீங்களா, ஓடையில தூக்கிட்டுப் போவீங்களான்னு. டிவியில வந்தா அதிகாரிங்க அசைவாங்க. அதுக்குள்ள வந்துரணும் சார்."

மறுநாளே கேமராக்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன். பெரியவர் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் சாப்பிட்டீகளா என்று கேட்டார். மைக்கை நீட்டியபோது, மருமகளிடம் சொல்லித் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நடந்து போறதுன்னா ஓடையில போகலாம் தம்பி. அம்புட்டு நாளும் அப்பிடித்தான போனேன். படுத்துக்கிட்டு எப்பிடிப் போறது?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கேமராக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இருபது வருஷத்தில் எனக்கு அந்த மாதிரி ஒரு வாக்கியம் மைக்கில் கிடைத்ததில்லை. ஓடை, உழுதுபோட்ட பாதை, மனுக்கள், நிலத்துக்காரரின் பதில், எல்லாவற்றையும் எடுத்தோம்.

திரும்பி வரும்போது கேமராக்காரர் கேட்டார். "என்னண்ணே, சாயங்கால நியூஸ்லயே விட்ருவமா?"

அன்றைக்கு விட்டிருக்கலாம். மறுநாள் காலையிலும் விட்டிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அஞ்சு நிமிச நியூஸ்ல போட்டா வீணாப் போயிரும். புது நிகழ்ச்சிக்கு மொத நாள் மொத செய்தி இதுதான். எடுத்து வையி." இப்படி நல்ல செய்தியை எடுத்து வைக்கிற வழக்கம் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. தீபாவளிக்கு வைப்போம், பொங்கலுக்கு வைப்போம், சேனல் ஆண்டு விழாவுக்கு வைப்போம். பட்டுப்புடவையைப் பீரோவில் வைப்பது போலத்தான். வைத்த துணியைப் பூச்சி அரிக்கும் என்று புடவைக்காரிக்குத் தெரியும், எங்களுக்குத் தெரிவதில்லை.

டீச்சரிடம் அடுத்த மாதம் வந்துவிடும் என்று சொன்னேன். முதல் நாள், முதல் செய்தி, ஆறு நிமிடம் என்றேன். அவர் அதை அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். பெரியவர் தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

அடுத்த மாதம் ஆடி. ஆடியில் எதையும் ஆரம்பிக்கக் கூடாது என்றார் ஜோசியர். ஆவணி நல்ல மாதம்தான். ஆனால் ஆவணி முழுக்க முகூர்த்தம், முதலாளிக்கு மண்டபத்தை விட்டு அசைய முடியவில்லை. எங்களுக்கும் கூட்டம் போடப் பந்தி மேஜை கிடைக்கவில்லை. புரட்டாசியில் பெருமாளைத்தான் கும்பிட வேண்டுமாம், செய்தி படிக்கக் கூடாதாம். இதற்கிடையில் பெயரும் அமையவில்லை. அமைந்திருந்தால் ஒருவேளை புரட்டாசிக்கே ஒரு பரிகாரம் கண்டுபிடித்திருப்பார்கள்.

டீச்சர் மாதம் ஒருமுறை போன் செய்வார். பள்ளிக்கூட இடைவேளையில் பேசுவார் போலிருக்கிறது, பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்கும். "சார், தேதி தெரிஞ்சிச்சா?" என்பார்.

"நிகழ்ச்சிக்குப் பேர் இன்னும் முடிவாகலை டீச்சர்."

மூன்றாவது முறை, "பேர் இல்லாம செய்தி போட முடியாதா சார்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். எங்கள் தொழிலில் அப்படி ஒரு சட்டம் இருக்கும் என்று நினைத்திருப்பார். நானும் ஏதோ இருப்பது மாதிரியே பதில் சொன்னேன்.

புரட்டாசிக் கூட்டம் ஒன்றில், முதல் நாள் நிகழ்ச்சியில் என்னென்ன செய்தி வரும் என்று வரிசை எழுதிக்கொண்டு போனேன். முதல் செய்தி, எழுமலைப் பக்கத்துச் சுடுகாட்டுப் பாதை. மச்சான் தாளைக் கையில் வாங்கிப் படித்தார். அடுத்த நொடி, ஏதோ சூடாகத் தொட்டுவிட்டது போல மேஜையில் போட்டார்.

"ஆறரைன்னா வீட்டுல விளக்கு வைக்கிற நேரம். பொம்பளைக சாமிக்கு விளக்கைப் பொருத்திட்டுத் திரும்புனா டிவியில சுடுகாடா? வெளங்குமா?"

"ஆறரை மணின்னு நேரம் குறிச்சது நீங்கதானங்க" என்றேன்.

"நேரத்துல தப்பில்லை. சேதியிலதான் தப்பு."

முதலாளி ஜோசியரைப் பார்த்தார். ஜோசியர் கண்ணை மூடித் திறந்தார். முதல் பத்து நிமிடத்தில் சாவு, விபத்து, கொலை, தீ, சுடுகாடு எதுவும் வரக் கூடாது என்று அந்த இடத்திலேயே தீர்மானம் ஆனது. ஆறு நாற்பதுக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் சாகலாம். இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. செய்திப் பிரிவின் சுவரில் அப்படியே அச்சடித்து ஒட்டியிருந்தது, முதல் பத்து நிமிடம் மங்கலம் என்று. பேருந்து கவிழ்ந்து நாலு பேர் இறந்தாலும் பூக்களின் விலையைச் சொல்லிவிட்டுத்தான் சொல்ல வேண்டும். ஆலோசகர் இதைப் புதுமையான வடிவம் என்று குறித்துக்கொண்டார்.

அன்று மாலை அலுவலகத்துக்குத் திரும்பி, அந்தக் காட்சிகளை எடுத்து எங்கள் ஐந்து நிமிடச் செய்தியில் போட்டிருக்க வேண்டும். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அந்த ஐந்து நிமிடத்தை யாரும் பார்ப்பதே இல்லை, முதலாளி உட்பட. ஆனால் எனக்கு ஆறு நிமிடச் செய்தி வேண்டியிருந்தது. முடிவில் என் பெயர் பொறுப்பாசிரியர் என்று ஓட வேண்டியிருந்தது. பேசிப் பேசி மச்சானைச் சரிக்கட்டிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மச்சானை ஏளனம் செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது. இருந்தாலும் செய்கிறேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலை ஏழு மணிக்கு டீச்சர் போன் செய்தார். குரல் வகுப்பெடுப்பது போல நிதானமாக இருந்தது.

"சார், அப்பா போயிட்டாரு. மத்தியானம் எடுக்குறோம். நீங்க வரணும்னா வாங்க."

நாங்கள் போனபோது ஓடையில் செம்மண் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அண்ணனும் இன்னும் மூன்று பேரும் பாடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இரண்டு பேர் முன்னால் கம்பை ஊன்றி ஆழம் பார்த்துக்கொண்டு போனார்கள். முதலில் கணுக்கால், பிறகு முட்டி, நடுவில் இடுப்பு. ஓர் இடத்தில் அண்ணனுக்குக் கால் வழுக்கி, பாடை ஒரு பக்கம் சாய்ந்து, தண்ணீர் பெரியவரின் வேட்டியை நனைத்தது. கரையில் நின்ற டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். கேமராக்காரர் இறந்தவர் முகத்தைக் காட்டக் கூடாது என்று கேமராவைத் தாழ்த்திக் கால்களை மட்டும் எடுத்தார். மரியாதைக்காகத்தான் அப்படிச் செய்தார். அந்த ஊரில் அன்று ஒருவரும் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அங்கே டீ கொடுத்தார்கள், அதையும் வாங்கிக் குடித்தேன்.

கார்த்திகை பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் பெயர் அமைந்துவிட்டது. மார்கழி வந்துவிட்டால் தை வரை தள்ளிப்போகும் என்ற பயத்தில்தான் அமைந்தது. 'மண் மணக்கும் ஆறரை.' ஐந்து மாதம், ஐந்து தலைகள், எத்தனையோ தட்டு வடை, அதற்கப்புறம் இது. முதலாளி அதை இரண்டு முறை சத்தமாகச் சொல்லிப் பார்த்து, கண் கலங்கினார்.

பெயருக்கு ஏற்ற தொடக்கக் காட்சி வேண்டும் என்று ஆலோசகர் எடிட்டிங் அறையில் வந்து உட்கார்ந்தார். மண் வேண்டும், மனிதன் வேண்டும், முகம் வேண்டாம் என்றார். எங்களிடம் இருந்ததெல்லாம் நகைக்கடைகளும் கும்பாபிஷேகங்களும். எடிட்டர் ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டே வந்தவர், ஓடைக் காட்சியில் வந்து நின்றார். செம்மண் தண்ணீருக்குள் மெதுவாக எட்டு வைக்கும் கால்கள். மழை மேகத்து வெளிச்சம் வேறு.

"இதுதான்" என்றார் ஆலோசகர்.

"இது பிணம் தூக்கிட்டுப் போறது சார்" என்றேன்.

"பிரேமில் பிணம் இல்லையே."

மச்சானும் பின்னால் நின்றிருந்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் சுடுகாட்டைக் காட்டினால் வீடு விளங்காது என்று சொன்ன அதே மச்சான். அவர் குனிந்து திரையைப் பார்த்தார். "நாத்து நடப் போற ஆளுக மாதிரி அம்சமா இருக்கு. யாருக்குத் தெரியப்போகுது? விடுங்கண்ணே" என்று என் தோளில் தட்டினார். நான் கூடாது என்று சொன்னேன். எத்தனை முறை சொன்னேன் என்று கேட்டால், இரண்டு முறை. பிறகு டீ வந்தது.

கார்த்திகையில் ஒரு முகூர்த்த நாளில், மண்டபத்தில் நாகஸ்வரம் வாசித்து, ஐந்து சுமங்கலிகள் குத்துவிளக்கு ஏற்ற, எங்கள் நிகழ்ச்சி பிறந்தது. முதல் செய்தி, அழகர்கோவில் போகும் சாலையில் பக்தர்களுக்கு நிழற்குடை. இரண்டாவது, மல்லிகை விலை. மூன்றாவது, ஒரு மாணவி ஓவியப் போட்டியில் பரிசு வாங்கியது. நான்காவது, முதலாளி மண்டபத்தின் வெள்ளி விழா. சுடுகாட்டுப் பாதை நான்காம் நாள் வந்தது, ஆறு ஐம்பத்திரண்டுக்கு, நாற்பது விநாடி. பெரியவர் மைக்கில் சொன்னதை வெட்டிவிட்டிருந்தார்கள், சிரித்துக்கொண்டு சொல்வதால் சோகம் குறைகிறதாம். எந்த அதிகாரியும் அசையவில்லை. அசைய வேண்டிய அதிகாரி அந்த நேரத்தில் டிவி பார்த்திருப்பார் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் இல்லை.

தொடக்கக் காட்சி மட்டும் தினமும் வந்தது. கால்கள் தண்ணீருக்குள் இறங்கும், நடு ஓடைக்கு வரும், மேலே தங்க எழுத்தில் 'மண் மணக்கும் ஆறரை' என்று எழும்பும். மொத்தம் ஐந்து விநாடி. ஆறாவது விநாடியில் ஓர் அரிசி ஆலையின் விளம்பரம். எல்லோரும் பாராட்டினார்கள். என் மனைவிகூட நன்றாக இருக்கிறது என்றாள்.

பத்து நாள் கழித்து டீச்சர் கூப்பிட்டார்.

"நம்ம செய்தி பாத்தேன் சார். அதைப் பத்திப் பேச வரலை. ஆரம்பத்துல ஒரு காலு வருதுல்ல. அது எங்கண்ணன் காலு. கெண்டைக்கால்ல தீக்காயத் தழும்பு இருக்கும். அம்மாதான் மொதல்ல கண்டுபுடிச்சுச்சு. அதை எடுத்துரச் சொல்லுங்க சார்."

எடுத்துவிடுகிறேன் என்றேன். அன்றே முதலாளியிடம் போய் நின்றேன். அந்தக் கால்கள் யாருடையவை, அவற்றுக்கு மேலே யார் இருக்கிறார் என்று முழுக்கச் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "டைட்டில் நமக்கு ராசியா அமைஞ்சிருச்சுப்பா. அதைத் தொடாத. ஒரு வருசம் ஓடட்டும்" என்றார். ஜோசியரைக் கூப்பிடக்கூட இல்லை. நான் வேலையை விட்டுவிட்டதாக இங்கே எழுதினால் நன்றாக இருக்கும். விடவில்லை.

மறுநாள் டீச்சரைக் கூப்பிட்டு, எடுக்க முடியாது போலிருக்கிறது என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"சரி சார். எடுக்க வேணாம்" என்றார். பின்னால் பள்ளிக்கூட மணி அடித்தது. அது முடியும் வரை இருந்துவிட்டுச் சொன்னார். "கரை ஏறுற வரைக்குமாவது காட்டச் சொல்லுங்க. அம்மா தெனமும் உக்காந்து பாக்குது. தெனமும் அப்பாவை நடுத்தண்ணியிலேயே விட்டுட்டுப் போயிர்றீங்க."